காமென் வ்ராஞ்சேவின் நாற்பதாம் நாள்

தன்யூப் நதிக்கரையில் இருக்கும் பெலி பிரெக் ஊரில் மெத்தோடி கவாசோவின் கால் படாத குளியலறை கிடையாது. இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. இந்த ஊர் அடுக்குமாடிகளைக் கட்டிய புண்ணியவான்கள் மீட்டரைக் குளியலறையில், கைகழுவும் தொட்டிக்குக் கீழே, மண்டி போட்டால்தான் கண்ணில் படுகிற மூலையில் வைத்துத் தொலைத்தார்கள். அதனால் மெத்தோடி மாதத்துக்கு அறுநூறு தடவை மண்டி போடுவார். எங்கள் பாதிரியார்கூட அவ்வளவு போட்டிருக்க மாட்டார்.

மண்டி போடுகிறவருக்கு ஊர்க் கதை எல்லாம் அத்துப்படி. எந்த வீட்டில் பல் பிரஷ் ஒன்று குறைந்திருக்கிறது, எந்த வீட்டுக்கு மருமகள் வந்திருக்கிறாள், யார் வெளியே சொல்லாமல் தலைக்குச் சாயம் பூசுகிறார், எல்லாம் தெரியும். ஊருக்குத்தான் அவரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வரும். இவர் "தண்ணி மீட்டர்!" என்பார். கதவு திறக்கும், எண்ணைக் குறித்துக்கொள்வார், கதவு மூடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது மாதிரி அவர் முகத்தைப் பார்த்தார்கள். பேரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

பதினாலாம் பிளாக், மூன்றாம் மாடியில் ராய்னா என்று ஒரு பெண்மணி. வயது ஐம்பத்தைந்து, மருந்துக் கடையில் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒற்றைப் பல் பிரஷோடு இந்த வீட்டுக்குக் குடி வந்தாள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மெத்தோடி போனால், மண்டி போட வசதியாகக் குளியலறையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு வைத்திருப்பாள். அறுநூறு வீட்டில் துண்டு போட்ட ஒரே வீடு அது. பிறகு சமையலறையில் ஒரு காபி. காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று இருவரும் எங்கேயோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி நடந்துகொள்வார்கள்.

மெத்தோடிக்கு அவளிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைல மீன் சாப்பிடலாமா?" இதுதான் வாக்கியம். ஒன்பது வருடமாக மூன்று மாடிப் படியிலும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறுவார். மேலே போனதும் வாயிலிருந்து வருவது, "நாலு யூனிட் ஆகியிருக்கு." அவளும் அதற்கு, "அப்படியா, நாலா?" என்பாள். இப்படி ஒரு காதலை அந்தத் தன்யூப் நதி கண்டிருக்காது.

போன செப்டம்பரில் சோஃபியாவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நடிக்க ஆள் தேடுகிற பெண் யானா வாடகைக்கு எடுத்த வீட்டில் மெத்தோடி காலையில் மீட்டர் பார்த்தார். மத்தியானம் ரொட்டிக் கடையில் அவரைப் பார்த்து, "நாம எங்கயோ பாத்திருக்கமே?" என்றாள். சாயந்தரம் பஸ் நிறுத்தத்திலும் அதையே கேட்டாள். கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள்.

"சார், நீங்க எங்க படத்துல நடிக்கணும். உங்க மூஞ்சி யாருக்கும் ஞாபகம் இருக்காது. அத்தனை அருமையான மூஞ்சி."

"நான் என்ன செய்யணும்?"

"சாகணும். அவ்வளவுதான்."

கதையை அவளே சொன்னாள். ஒருவன் ஊர் ஊராகப் போய் நாதியற்ற ஆளாகப் பார்த்துக் கொல்கிறான். பிறகு செத்தவனுடைய பேர், வீடு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவனாகவே வாழ்கிறான். காமென் வ்ராஞ்சேவ் என்ற ஒருவரைக் கொன்று காமெனாக உட்கார்ந்திருக்கும்போது, தெருக் கதவில் காமெனின் மரண அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. படம் காமெனுடையது, பேரும் காமெனுடையது. மூன்றாம் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று. கொலைகாரனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. நாதியற்ற ஆளுக்கு அறிவிப்பு ஒட்டுகிறது யார்?

"யாரு?" என்றார் மெத்தோடி.

"அத டைரக்டரே இன்னும் முடிவு பண்ணல. சரி சார், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நீங்க செத்தா யாரு நோட்டீஸ் ஒட்டுவா?"

"தங்கச்சி கெனா இருக்கா, வ்ராட்சால. பத்து காப்பி அடிப்பா. கலர்ல அடிக்க மாட்டா, கருப்பு வெள்ளைதான்."

"இந்த ஊர்ல?"

மெத்தோடி யோசித்தார். எங்கள் ஊரில் மனிதன் செத்தால் படம் போட்டு, கறுப்புக் கரை கட்டி, கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவார்கள். குடும்பம் தனியாக ஒட்டும், வேலை செய்த இடத்தில் தனியாக ஒட்டுவார்கள், சீட்டாட்டக் கூட்டாளிகள்கூடத் தனியாக ஒட்டுவார்கள். ஒரு மனிதன் வாழ்ந்தானா இல்லையா என்பதற்குக் கணக்கே அதுதான்.

"மீட்டர் ஆபீஸ்ல ஒட்டலாம்," என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் கேள்வி கல்லாக நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

சினிமாவில் முதல் நாள் சவப்பெட்டியில் கிடத்தினார்கள், மூன்றாம் நாள்தான் கொன்றார்கள். பெட்டியில் கிடந்தபோது பொருட்கள் பார்த்துக்கொள்கிற டென்மார்க்குப் பெண் நெஞ்சின் மேல் ஏழு கார்னேஷன் பூவை வைத்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"ஒண்ண எடுத்துடும்மா. ஒத்தப்படை உயிரோட இருக்கவங்களுக்கு. செத்தவனுக்கு ரெட்டப்படை."

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பூவை எடுத்துவிட்டார்கள், அதைத் தப்பென்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

கொலைகாரராக நடித்தவர் பரம சாது. ஒவ்வொரு தடவை படியிலிருந்து தள்ளுவதற்கு முன்னாலும், "மன்னிச்சுக்கங்க அண்ணே," என்பார். தள்ளிவிட்டு டீ கொண்டுவந்து கொடுப்பார். பத்துத் தடவை மெத்தோடி ஒழுங்காகச் செத்தார். பதினோராவது தடவை கால் முறிந்தது. டைரக்டருக்குப் பிடித்ததும் அந்தத் தடவைதான்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் பத்து நாள், பிறகு வ்ராட்சாவில் தங்கை வீட்டுச் சோபாவில் ஐந்து வாரம். அலுவலகத்தில், வருகிறவரைக்கும் எல்லார் வீட்டுக்கும் சராசரி போட்டு ரசீது அனுப்பிக்கொள்கிறோம் என்றார்கள். மெத்தோடிக்கு அதில் வருத்தம்தான். இருபத்தாறு வருடம் மண்டி போட்டதைச் சராசரி ஈடு கட்டிவிட்டதே என்று.

இதற்கிடையில் சினிமாக்காரர்கள் ஊரில் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். மெத்தோடியின் படம் போட்ட காமென் வ்ராஞ்சேவ் அறிவிப்பை பதினாலாம் பிளாக் பக்கம் முப்பது இடத்தில் ஒட்டினார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் கிழித்தெடுக்க ப்ளாமென் என்கிற உள்ளூர்க் கூலியாளிடம் சொன்னார்கள். ப்ளாமென் பசை வாளியைக் கீழே வைத்தான்.

"ஒட்டச் சொன்னீங்க, ஒட்டினேன். செத்தவன் மூஞ்சியக் கிழிக்க மாட்டேன். மழை கிழிக்கட்டும், காத்து கிழிக்கட்டும்."

"யாரும் சாகலப்பா, இது சினிமா."

"அப்ப நீங்களே கிழிங்க."

யாரும் கிழிக்கவில்லை. சோஃபியாக்காரர்களானாலும் அவர்களுக்கும் அப்பன் ஆத்தா செத்திருக்கிறார்கள். எதற்கு வம்பென்று வண்டியேறிப் போய்விட்டார்கள். இதை ப்ளாமென்தான் பின்னால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அப்போது சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மெத்தோடி ஊர் திரும்பினார். கையில் ஊன்றுகோல், முகத்தில் ஆறு வாரத் தாடி. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிரே நிறுத்தத்தின் கண்ணாடியில் தன் முகம். மழையில் ஊறி ஒரு காது நீலம் பாய்ந்திருந்தது. "காமென் வ்ராஞ்சேவ், 58, திடீரென நம்மைப் பிரிந்தார்." இன்னுமா இருக்கிறது என்று நினைத்தார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று ஒட்டியிருந்தது. புதுசு. அதே முகம், அதே பேர். கலரில்.

"காமென் வ்ராஞ்சேவ். நீங்கள் போய் நாற்பது நாள். ஒன்பது வருடமாக உங்கள் பேரைக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். வெட்கமாக இருந்தது. சுவரில் படித்துத் தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை துண்டை இன்னும் போட்டு வைக்கிறேன்."

கீழே கையெழுத்து இல்லை.

மெத்தோடி இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் எழுத்து தெரியவில்லை. பஸ் நிறுத்தப் பெட்டிக்கடையில் சிகரெட் விற்கிற ஸ்தானா தலையை வெளியே நீட்டினாள். அவள் வீட்டிலும் மீட்டர் உண்டு, இருபத்தாறு வருடமாக உண்டு.

"ஐயா, நீங்க அவரோட அண்ணனா? அச்சு அசல் அப்படியே இருக்கீங்க. தாடி மட்டும்தான் கூட."

மெத்தோடி தாடியைத் தடவிக்கொண்டார்.

"பாவம், தங்கமான மனுஷன். மீட்டர் பாக்க வருவாரு. பேரு காமென்னு செத்தப்பறம்தான் ஊருக்கே தெரியும். இந்தச் சினிமாக்காரப் பயலுக இருக்கானுகளே, வெக்கங்கெட்டவனுக, செத்தவரோட நோட்டீஸ் முன்னாடி நின்னு படம் எடுத்தானுங்க! நாலு வார்த்த நல்லாக் குடுத்தேன்."

"இந்தக் கலர் நோட்டீஸ்..." என்றார் மெத்தோடி.

"மருந்துக் கட ராய்னா. வேற யாரு? கேள்விப்பட்டதும் தண்ணி ஆபீஸுக்கே போன் போட்டிருக்கா. காமென் வ்ராஞ்சேவ்னு கேட்டா, 'அப்படி யாரும் இங்க இல்லம்மா'ன்னு வச்சுட்டானாம். செத்த கையோட ஆளே இல்லன்னு ஆக்கிட்டாங்க பாத்தீங்களா? இவ கடைலயே உக்காந்து அழுதாளாம். காலைல நாப்பதாம் நாளுக்குக் கோதும அவிச்சு பிளாக் பூராக் குடுத்தா. இந்தாங்க, உங்களுக்கில்லாததா."

காகிதக் கோப்பையில் அவித்த கோதுமை, மேலே சர்க்கரை, வால்நட். மெத்தோடி நின்றபடியே தின்றார். ஸ்தானா, "கடவுள் அவர மன்னிக்கட்டும்," என்றாள். பழக்கதோஷத்தில் மெத்தோடியும், "மன்னிக்கட்டும்," என்றார். வால்நட் தாராளமாகவே போட்டிருந்தாள். தனக்காக ஒருத்தி வால்நட் உடைத்திருக்கிறாள் என்ற நினைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் அந்த ஆற்றங்கரையில் வேறு யாரும் இருக்க முடியாது.

பதினாலாம் பிளாக்கை நோக்கி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நடந்தார். பாதி வழியில்தான் பயம் பிடித்தது. அவள் அழுதது காமெனுக்கு. மனதில் உள்ளதைச் சுவரில் எழுதியது செத்தவனுக்கு, ஏனென்றால் செத்தவன் படித்துவிட்டு வந்து கதவைத் தட்ட மாட்டான். இப்போது உயிரோடு போய் நின்றால்? ஊரைக் கூட்டிக் கோதுமை கொடுத்தவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? கதவைச் சாத்துவாள். துண்டு போச்சு, காபி போச்சு, நாலு யூனிட்டும் போச்சு. காமென் வ்ராஞ்சேவ் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. அந்தப் பிறக்காத பயல் ஒன்பது வருடத்துச் செவ்வாய்க்கிழமைகளை எல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மெத்தோடிக்கு அவன் மேல் வயிறெரிந்தது.

அப்போது புத்தி ஒரு குறுக்கு வழி காட்டியது. அண்ணனாகவே போனால் என்ன? ஸ்தானாவே நம்பிவிட்டாள். 'நான் காமெனோட அண்ணன், வ்ராட்சாலேர்ந்து வர்றேன், தம்பிக்கு நீங்க செஞ்சதுக்கு ரொம்ப நன்றி' என்றால் உள்ளே கூப்பிடுவாள். காபி கொடுப்பாள். தம்பியைப் பற்றிப் பேசலாம். அடுத்த மாதமும் வரலாம். ஞாயிற்றுக்கிழமை மீனுக்குக்கூடக் கூப்பிடலாம், அண்ணன் தைரியசாலியாக இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆளைக் கொல்லாமலே பேரைத் திருடுகிற வேலை. அந்தச் சாதுக் கொலைகாரர் அப்படி என்ன பெரிய பாவம் செய்துவிட்டார் என்று அவருக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

மூன்று மாடிக்கும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு ஏறினார். காமெனோட அண்ணன். வ்ராட்சாலேர்ந்து. ரொம்ப நன்றி. மீன் வாக்கியத்தைவிட இது சரளமாகவே வந்தது. பொய் எப்போதும் அப்படித்தான், நாக்கில் எண்ணெய் தடவிக்கொண்டு வரும். கதவின் முன்னால் நின்று, தாடியை நீவிவிட்டுக்கொண்டு தட்டினார்.

"யாரு?" என்றது ராய்னாவின் குரல்.

"தண்ணி மீட்டர்!" என்றார் மெத்தோடி.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. இருபத்தாறு வருடப் பழக்கம் அண்ணனைப் படியிலேயே உருட்டிவிட்டது. உள்ளே எதுவோ கீழே விழுந்து உடைந்தது. சங்கிலியை எடுக்காமல் கதவு நாலு விரல் திறந்தது.

ராய்னா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"நீங்க செத்துட்டீங்க," என்றாள்.

"இல்லங்க. கால்தான் உடைஞ்சுது."

"நோட்டீஸ் ஒட்டியிருந்துதே."

"அது சினிமாவுக்கு. அதுல நான் செத்தவரா நடிச்சேன்."

"ஆபீஸ்ல கேட்டேன். காமென்னு யாருமே இல்லன்னாங்க."

"அது நிஜம்தாங்க. அப்படி யாரும் இல்ல. என் பேரு மெத்தோடி. மெத்தோடி கவாசோவ்."

ராய்னாவின் முகம் செக்கச்செவேல் என்று சிவந்தது. தான் சுவரில் எழுதியது ஒவ்வொரு வரியாக அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது, அதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

"படிச்சீங்களா?"

அண்ணனாயிருந்தால் இல்லை என்றிருப்பான். "படிச்சேன்," என்றார் மெத்தோடி. "மூணு தடவ."

"ஒம்போது வருஷம்!" என்றாள் ராய்னா. குரலில் கோபம் இருந்தது. "ஒம்போது வருஷமா என் வீட்டுக் காபியக் குடிச்சீங்க, பேரச் சொல்லத் தெரியலையா உங்களுக்கு? முன்னப்பின்ன தெரியாத எவனோ காமெனுக்கு நான் ரெண்டு கிலோ கோதும அவிச்சிருக்கேன்! கடைல உக்காந்து அழுதிருக்கேன்! ஊரே பாத்துச்சு!"

"தப்புதாங்க."

"பின்ன?"

கதவு சாத்திக்கொண்டது. மெத்தோடி நின்றார். கீழே இறங்க ஊன்றுகோலைத் திருப்பினார். அப்போது சங்கிலி எடுக்கிற சத்தம் கேட்டது, கதவு முழுக்கத் திறந்தது.

"ரெண்டு மாசமா எண் எடுக்கல," என்றாள் ராய்னா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "சராசரி போட்டு அனுப்புறாங்க. எனக்குச் சராசரி வேண்டாம்."

குளியலறையில் துண்டு மடித்துக் கிடந்தது. வியாழக்கிழமையாக இருந்தும் கிடந்தது. மெத்தோடி தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார். கால் மடங்கவில்லை. இரண்டாம் தடவையும் மடங்கவில்லை.

"நகருங்க," என்றாள் ராய்னா. அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, அந்தத் துண்டின் மேல் அவளே மண்டி போட்டாள். ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தாள். மெத்தோடி நோட்டில் எழுதினார். கழித்துப் பார்த்தார்.

"பன்னெண்டு யூனிட்," என்றார். "ரெண்டு மாசத்துக்கு எட்டுதான் வரணும்."

"பாத்திரத்தத் தொலக்கிக்கிட்டே இருந்தேன். வேற என்ன செய்யிறது?"

மெத்தோடி நோட்டை மூடினார். "ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைல மீன் சாப்பிடலாமா?" என்றார். அவ்வளவு சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டதில் அவருக்கே ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ராய்னா எழுந்து, கையைக் கழுவி, சமையலறைக்குப் போனாள். மெத்தோடி பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார். உடைந்த கோப்பை தரையில் கிடந்தது. மேசையில், சுவரிலிருந்து படம் பிடித்து அச்செடுத்த அவர் முகம், நீலக் காதோடு. அதன் முன்னால் ஒரு ஜாடியில் நான்கு கார்னேஷன்.

அவள் காபியை அடுப்பில் வைத்தாள். பிறகு ஜாடியிலிருந்து ஒரு பூவை உருவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் குப்பைக் கூடையில் போட்டாள். மீதி மூன்றையும் ஜாடியோடு அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உக்காருங்க, மெத்தோடி," என்றாள். "காபி ஆறினாப் பரவாயில்ல."